வுல்வரினுக்கு முந்தைய ஹியூ ஜாக்மன்: 'ஓக்லஹோமா!' டிவிடி

ஹியூ ஜாக்மன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, 2000ஆம் ஆண்டின் 'எக்ஸ்-மென்' படத்தில் விரல் முட்டிகளிலிருந்து உலோக நகங்கள் நீள நிற்கும் வுல்வரின்தான். அந்தப் படத்துக்கு முன்பே லண்டன் மேடையில் அவர் பாடி, ஆடி, நடித்த 'ஓக்லஹோமா!' இசை நாடகத்தின் பதிவு டிவிடியாக வந்திருக்கிறது. அவருடைய ரசிகர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

1968இல் சிட்னியில் பிறந்து, பெர்த் நகரின் மேற்கு ஆஸ்திரேலிய நிகழ்கலை அகாடமியில் பயின்ற ஜாக்மன், மெல்போர்ன் மேடைகளில் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்', 'சன்செட் புலவார்ட்' ஆகியவற்றில் நடித்த பிறகு லண்டனுக்கு வந்தார். ட்ரெவர் நன் இயக்கி 1998இல் நேஷனல் தியேட்டரில் அரங்கேறிய இந்தத் தயாரிப்பு, அடுத்த ஆண்டு தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் இணையின் மூல நாடகம் 1943இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறியது.

கர்லி என்ற மாட்டுக்காரனாக ஜாக்மன் காட்டும் உற்சாகம் முதல் பாட்டிலேயே நம்மைப் பற்றிக்கொள்கிறது. ஆனாலும் அவருடைய திறமையின் ஆழத்தை நான் உணர்ந்தது, கர்லி தன் காதல் போட்டியாளனான ஜட் ஃபிரை தங்கியிருக்கும் இருண்ட அறைக்குச் செல்லும் காட்சியில்தான். நீ தூக்கில் தொங்கினால் ஊரே உனக்காக எப்படி அழும் தெரியுமா என்று கர்லி பாடத் தொடங்க, யாராலும் நேசிக்கப்படாத ஜட் அந்தக் கற்பனை இழவுவீட்டில் தன்னை மறந்து உருகுகிறான். கேலியாகத் தொடங்கும் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரமாகிறது. ஆனால் ஜாக்மன் அதை அழுத்திக் காட்டாமல், எதிரே நிற்பவரின் முகத்தைக் கவனித்து, தன் குரலைத் தணித்து, காட்சியை அவருக்கே விட்டுக்கொடுக்கிறார். ஜட் ஆக நடித்த ஷூலர் ஹென்ஸ்லிக்கு இந்தப் பாத்திரம் லண்டனில் ஆலிவியர் விருதையும், பின்னர் 2002இல் பிராட்வேயில் டோனி விருதையும் பெற்றுத் தந்தது. இருவரும் 'வான் ஹெல்சிங்' படத்திலும், 2022இல் பிராட்வேயின் 'தி மியூசிக் மேன்' நாடகத்திலும் மீண்டும் இணைந்ததை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

கதாநாயகியின் கனவாக வரும் நீண்ட நடனத்தில், 1943இல் நாயகன் நாயகிக்குப் பதிலாக வேறு நடனக் கலைஞர்கள் ஆடினர். சூசன் ஸ்ட்ரோமன் புதிதாக அமைத்த இந்த நடனத்தில் நாயகியாக நடித்த ஜோசஃபினா கேப்ரியலும் ஜாக்மனும் தாங்களே ஆடுகிறார்கள். 2012இல் 'லே மிசெராப்ல' படத்துக்காகக் கேமரா முன்னிலையிலேயே நேரடியாகப் பாடிய துணிவும், 'தி பாய் ஃப்ரம் ஆஸ்' நாடகத்தில் சக ஆஸ்திரேலியரான பீட்டர் ஆலனாக வாழ்ந்து 2004இல் டோனி விருது பெற்ற ஆற்றலும் எங்கிருந்து வந்தன என்பதற்கு இந்தப் பதிவே சான்று.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் நாடகத்தில், ஏடோ ஆனி என்ற பெண்ணின் நகைச்சுவைக் கிளைக்கதை என் பொறுமையைச் சோதித்தது. கால்களைக் காட்ட வேண்டிய சில இடங்களில் கேமரா முகங்களையே நெருங்குகிறது. கதை நிகழும் 1906ஆம் ஆண்டில் அந்த நிலம் 'இந்தியன் டெரிட்டரி', அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பகுதி. ஆயினும் பூர்வகுடி மக்களில் ஒருவர்கூடக் கதையில் இல்லாதது, செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தின் வழிவந்த லின் ரிக்ஸின் நாடகத்திலிருந்து உருவான படைப்பு என்பதால் இன்னும் உறுத்துகிறது.

வெளிநாட்டுப் பதிப்பை வாங்குவோர் தங்கள் கருவி அதன் மண்டலக் குறியீட்டை (டிவிடி எந்தெந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்) ஏற்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு அடர்ந்த கிராமிய ஆங்கிலமாக இருப்பதால், கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு அமர்வது நல்லது. முழுவதையும் பார்க்க நேரமில்லாதவர்கள், ஜட்டின் அறைக்குள் கர்லி நுழையும் அந்தக் காட்சியை மட்டுமாவது பார்க்க வேண்டும்.