வீடியோ கோலா, வொய்ஸ் மெசேஜா?

தம்பி துபாயிலிருந்து புது ஃபோன் அனுப்பியதிலிருந்து எங்கள் வீட்டில் இதே வழக்குதான். அம்மாவுக்கு முகம் பார்க்க வேண்டும். எனக்குக் குரல் போதும்.

ஹட்டன் டவுனில் நின்றால் வீடியோ கோலுக்கு ஈடே இல்லை. கொழும்பில் இருக்கும் அக்காவின் பிள்ளைக்குப் பல் முளைத்ததைக்கூடப் பார்த்துவிடலாம். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்துக்குள் வந்தால் கதை வேறு. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் ஒரு கோடுதான். படம் இரண்டு பக்கமும் நிற்காமல் ஓட வேண்டுமே! அக்கா வாயைத் திறந்தபடி உறைந்துபோவாள், டேட்டாவும் கரையும். துபாய்க்கு இன்னொரு தொல்லை: வாட்ஸ்அப் கோலுக்கு அங்கே தடை. அனுமதி உள்ள வேறு செயலியைத்தான் தேட வேண்டும்.

வொய்ஸ் மெசேஜுக்கு அந்தத் தடை கிடையாது. சிக்னல் இல்லாவிட்டாலும் பேசி வைத்துவிடலாம். சின்னக் கடிகாரக் குறியோடு காத்திருந்து, கோடு கிடைத்ததும் தானாகப் போய்விடும். மைக்கை அழுத்திய விரலை அப்படியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன அம்மாவின் விரலுக்கு எழுத்துப் பலகையைவிட இதுதான் லேசு. அம்மாவின் நீளப் பேச்சைத் தம்பி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறான். அது அவருக்குத் தெரியாது.

என் ஓட்டு குரலுக்கே.

"கொரல மட்டும் கேட்டா புள்ள எளச்சிருக்கானான்னு எப்புடிடா தெரியும்?" என்கிறார் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனோடு கோயில் மேட்டுக்கு ஏறுகிறோம். அங்கே மூன்று கோடு.