வேகம் மாற்றும் பூல் பம்ப்: எங்கள் வீட்டுப் பத்து மாதக் கணக்கு

எனக்கு பண்ருட்டியில் முந்திரி வியாபாரம், வீடு கடலூரில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. ஆடம்பரத்துக்குக் கட்டியதில்லை. மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார்கள். கடலில் நடக்க முடியுமா? அதனால் கட்டினோம். மே மாதம் பேரன் பேத்திகள் வந்தால் குளம் அவர்களுடையது. மற்ற நாளெல்லாம் அவள் ஒருத்திதான்.

ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு ஓடு கூட நகரவில்லை. அதற்கப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது பாருங்கள், அதுதான் கொல்லை வழியாக நுழைந்து மோட்டார் குழியை நிரப்பிவிட்டது. ஃபில்டர், வால்வு, பம்ப் எல்லாம் இரண்டு நாள் சேற்றில். பழைய ஒரு ஹெச்பி பம்புக்கு ஒன்பது வயது. காயில் கட்டலாம் என்றார்கள். பேரிங், சீல், காயில் மூன்றையும் கூட்டிப் பார்த்தேன், மனசு வரவில்லை. புதிதே வாங்கிவிடலாம் என்று புதுச்சேரிக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. கடைப் பெயர் வேண்டாம்.

"ஒண்ணரை ஹெச்பி போட்டுருங்க சார். நாளைக்கு ஒரு ஃபவுன்டன் வைக்கணும்னா கஷ்டப்படக் கூடாது."

"ஃபவுன்டன்லாம் வைக்கப் போறதில்ல தம்பி."

"இருக்கட்டும் சார், பவர் கூட இருந்தா நல்லதுதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்திரியில் 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு நிற்கும். 180 என்றால் பெரிய பருப்பு, பெரிய விலை. பாயசத்துக்கு 320 கேட்டு வந்தவரிடம் 180-ஐத் தள்ளிவிடும் வேலையை நானும் செய்தவன்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

குளம் 23 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். 1,104 கன அடி, அதாவது சுமார் 31,000 லிட்டர். பழைய பம்ப் மணிக்கு 14,000 லிட்டர் தள்ளும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டினோம். அப்படியானால் 1,12,000 லிட்டர். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு நாளில் மூன்றரை தடவைக்கு மேல் ஃபில்டருக்குள் போய் வந்திருக்கிறது! ஒருத்தி நடக்கிற குளத்துக்கு இரண்டு தடவை தாராளம். ஒன்பது வருஷமாகத் தேவையில்லாமல் சுற்றவிட்டிருக்கிறேன். எல்லாருக்கும் கணக்குப் பார்க்கிறவன் இதைப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, பழைய பம்பையே நாலு மணி நேரம் ஓட்டினால் போதாதா? போதும், பாதி மிச்சம். வேகத்தைக் குறைத்தால் மிச்சம் அதைவிட அதிகம். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் வரும் தண்ணீரும் பாதியாகும். அழுத்தம் கால்வாசிதான் இருக்கும். இழுக்கும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் பாதிதான் வருகிறது என்று இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும், செலவு முன்பு ஆனதில் கால்வாசி. இது ஏட்டுக் கணக்கு. மோட்டாரும் அதன் எலக்ட்ரானிக்ஸும் கொஞ்சம் தின்றுவிடுவதால் நிஜத்தில் அவ்வளவு வராது. எவ்வளவு வருகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஆலையில் விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, வைத்துத்தான் மோட்டார் ஓட்டுகிறோம். அதையே பழைய பம்புக்கும் மாட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஆலை எலக்ட்ரீஷியன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "அண்ணே, இது சிங்கிள் பேஸ், கபாசிட்டர் வெச்ச மோட்டார். விஎஃப்டிக்கு த்ரீ பேஸ் மோட்டார்தான் சரிப்படும். அப்புறம் வேகம் குறைஞ்சா பின்னாடி ஃபேனும் மெதுவா சுத்தும், சூடாயிடும்." அந்த யோசனை அங்கேயே முடிந்தது. புது வகைப் பம்பில் நிரந்தரக் காந்த மோட்டாரும் வேகம் மாற்றும் போர்டும் ஒன்றாகவே வருகின்றன.

ஒரு ஹெச்பியில், நிமிடத்துக்கு 2,900 சுற்று வரை போகிற வேகம் மாற்றும் பம்ப் 74,000 ரூபாய். அதே அளவில் ஒரே வேகத்தில் ஓடுவது 24,000. ஐம்பதாயிரம் வித்தியாசம். வீட்டில் சொன்னதும், "என்னங்க, மோட்டாருக்கா இவ்வளவு?" என்றாள். நியாயமான கேள்வி.

பம்ப் ரூமுக்கு மட்டும் முன்பே ஒரு சப் மீட்டர் வைத்திருந்தேன். பழைய பம்ப் தினம் 8.8 யூனிட் எடுத்தது நோட்டில் இருக்கிறது. புது பம்ப் மாட்டிய அன்று சாயங்காலம் அந்த மீட்டர் முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒரு யூனிட்டுக்கு 3,200 தடவை துடிக்கும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கிறது. முழு வேகத்தில் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 59 தடவை துடித்தது. வாட்சின் நொடி முள்ளோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி. கணக்குப் போட்டால் 1,100 வாட். அப்புறம் 1,450 சுற்றுக்கு இறக்கினேன். துடித்தது, நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து... கெட்டுவிட்டதோ என்று நினைக்கும்போது ஆறாவது நொடியில் மறுபடி துடித்தது. நிமிடத்துக்குப் பத்து. சுமார் 187 வாட். எட்டில் ஒன்று வரவில்லை, ஆறில் ஒன்று வந்தது. எனக்கு அது போதும்.

இப்போது ஒன்பது மணி நேரம் 1,450-இலும், காலையில் ஒரு மணி நேரம் 2,400-இலும் ஓடுகிறது. நாளுக்கு 2.3 யூனிட். இரண்டு மாதத்துக்கு 528 யூனிட் போன இடத்தில் 138. எங்கள் பில் ஏசியால் எப்போதும் 1,000 யூனிட்டைத் தாண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். ஆக ஒரு பில்லுக்கு 4,300-க்குக் குறையாமல் மிச்சம். ஐம்பதாயிரம் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும். ஏசி ஓடாத, பில் சின்னதாக வருகிற வீட்டில் இவ்வளவு வேகமாகத் திரும்பாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் அந்த ஒரு மணி நேரம் எதற்கென்றால், மெதுவாக ஓடும்போது மேலே மிதக்கும் குப்பையை ஸ்கிம்மர் இழுப்பதில்லை. பக்கத்து வீட்டு வேப்பமரம் சித்திரையில் பூவைக் கொட்டியபோதுதான் இது புரிந்தது. குளம் முழுக்க மஞ்சள் படலம், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, பூ அசையவே இல்லை. பேக்வாஷுக்கும், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவதற்கும், முழு வேகம் வைத்தாக வேண்டும். மெதுவாகத் தள்ளினால் மணல் கிளம்பாது, அழுக்கு உள்ளேயே உட்கார்ந்துவிடும். பிரஷர் கேஜையும் முழு வேகத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மெது வேகத்தில் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். குளம் சுத்தம் செய்ய வரும் பையன் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "சார், மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று பதறினான்.

நாங்கள் குளோரின் குருணைதான் போடுகிறோம், அதற்கு மெது வேகம் தொந்தரவில்லை. உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் வேகத்தை ரொம்பக் குறைத்தவுடன், தண்ணீர் ஓட்டம் பத்தவில்லை என்று அந்த மெஷின் தானாக நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றி, மெஷின் நிற்காத இடம் பார்த்து வைத்தார்.

வெள்ளத்துக்குப் பயந்து புது பம்பைக் குழியில் வைக்கவில்லை, மூன்றடி மேடை கட்டி ஏற்றிவிட்டேன். அதனால் ஒரு வம்பு. முன்பு தண்ணீர் தானாக பம்புக்குள் இறங்கும். இப்போது பம்ப் குளத்து மட்டத்துக்கு மேல். மெது வேகத்தில் ஸ்டார்ட் செய்தால் காற்றைத்தான் குடிக்கிறது. முதல் மூன்று நிமிடம் முழு வேகத்தில் இழுக்கும்படி செட் செய்து, உறிஞ்சும் பைப்பில் ஒரு வால்வும் போட்ட பிறகு சரியானது. மேலே கூரை கட்டாயம். நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு கேட்டே நாலு வருஷத்தில் பொரிந்துபோகிறது, எலக்ட்ரானிக் போர்டு எம்மாத்திரம்?

இன்னொன்று. மாட்டிய முதல் வாரத்தில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது. கடை அனுப்பிய ஆள், "அதை எடுத்துட்டு டைரக்டா குடுத்துரலாம் சார்" என்றார். மனைவி இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற குளம்! அவரை அனுப்பிவிட்டு ஆலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி போர்டுகளில் எர்த்துக்குக் கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்குமாம். கொல்லை ஃப்ரிட்ஜும் அதே ஆர்சிசிபியில் இருந்ததால் இரண்டு கசிவும் சேர்ந்து தட்டியிருக்கிறது. பம்புக்குத் தனியாக 30 மில்லி ஆம்ப் ஒன்று போட்டு, எர்த்தையும் சரிபார்த்தார். அப்புறம் விழவில்லை.

சத்தம் பற்றிக் கேட்டால், பழையது ஓடும்போது பின் ரூமில் தூங்க முடியாது. இப்போது மனைவி குளத்தில் இறங்குவதற்கு முன் மூடியில் கையை வைத்துப் பார்க்கிறாள், ஓடுகிறதா என்று.

குறை என்றால், திரையில் எழுத்து வெயிலில் தெரியவே தெரியாது. அதைவிட, கரண்ட் போய்வந்தால் கடிகாரம் 12:00-க்குத் திரும்பிவிடுகிறது. 74,000 ரூபாய்ப் பம்பில் பத்து ரூபாய் பேட்டரி வைக்க மனமில்லை. ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் வந்து, காலை வேகம் விடிவதற்கு முன்பே ஓடியிருக்கிறது. கடையில் கேட்டதற்கு, "இன்வெர்ட்டர் லைன்ல குடுத்துருங்க சார்" என்று இன்னொரு செலவு சொன்னார். நான் கொடுக்கவில்லை. லீவுக்கு வந்த பேரன் நேரம் மாற்றுவதற்கு எந்த பட்டன், எத்தனை தடவை என்று தமிழில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனான். கரண்ட் போன நாளெல்லாம் டார்ச்சும் கண்ணாடியுமாக அங்கே போய் நிற்கிறேன்.