சப்வூஃபர் கேபிள்: தங்க முலாமா, நல்ல ஷீல்டா?

ஹோம் தியேட்டருக்கு ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ஸ்பீக்கர், சப்வூஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள்கூடக் கடைசியில் கேபிளில் வந்து தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் தங்க முலாம் பூசிய பின்னோடு, கட்டைவிரல் தடிமனில் 'சப்வூஃபர் கேபிள்'. இன்னொரு பக்கம் மீட்டர் கணக்கில் வெட்டி, ஆர்சிஏ பின் (ஆடியோ கருவிகளில் வரும் சாதாரண ஒற்றை முனைப் பின்) போட்டுத் தரும் ஆர்ஜி-6 கோஆக்சியல், அதாவது டிவி ஆன்டெனா வகைக் கேபிள். விலையில் பல மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே சப்வூஃபரில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். பாஸில், அதாவது அடித்தொனியில், எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) என்பதில் வரும் அந்த '.1', அதாவது சப்வூஃபருக்கான சானல், 120 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) குறைப்பதோ மேலே இருக்கும் அதிர்வெண்களை. ஆர்ஜி-6 கேபிளில் மீட்டருக்குச் சுமார் 55 பிகோஃபேரட். 10 மீட்டர் இழுத்தால் 550. ரிசீவரின் வெளியீட்டு மின்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 3 டெசிபல் குறைய ஏறத்தாழ 2,90,000 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். 120 எங்கே, 2,90,000 எங்கே!

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? ஷீல்டை, அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசத்தைப் பார்த்து. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் முழு பலத்தோடு ஒலிக்கும் எல்லைக்குள்தான் அது வருகிறது. அதனால் சின்ன ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத 'ம்ம்ம்' இரைச்சல் இதில் அறையையே நிறைத்துவிடும். ரிசீவர் ஒரு பிளக் பாயிண்டிலும் சப்வூஃபர் வேறு பாயிண்டிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வேறுபாடு கேபிளின் ஷீல்டு வழியே மின்னோட்டமாக ஓடும். ஷீல்டின் மின்தடை எவ்வளவு குறைவோ, அந்த அளவுக்கு இரைச்சலும் குறையும். டிஷ் ஆன்டெனாவுக்கென்று வரும் மலிவு ஆர்ஜி-6 கேபிளில் அலுமினியத் தாளும் இடைவெளி விட்ட அலுமினியப் பின்னலும்தான் இருக்கும். டிஷ்ஷுக்கு அது போதும். சப்வூஃபருக்கு நெருக்கமான செம்புப் பின்னல் உள்ளதையே கேளுங்கள். அலுமினியத்தில் ஈயம் சரியாக ஒட்டாது என்பதால், பின் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும் தொல்லையும் அதில் உண்டு.

ஒன்று, எல்லா இரைச்சலுக்கும் கேபிளே காரணமல்ல. என் வீட்டில் மூன்று கேபிள் மாற்றியும் 'ம்ம்ம்' போகவில்லை. கடைசியில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிய நொடியில் அறை அமைதியானது. அந்த வயரில் ஒரு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் சிறு கருவி) போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. புதுக் கேபிள் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். அது உயிரைக் காக்க வைத்தது.

மேடை மைக்குகளில் வரும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு கேபிள் இரைச்சலை வேறு விதமாகக் கையாள்கிறது. ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும்; நடுவில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே வருவதால் மறுமுனையில் கழிந்துவிடும். இரண்டு முனையிலும் அந்த வசதி இருந்து, தூரமும் 10 மீட்டரைத் தாண்டினால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பெரும்பாலான ரிசீவர்களில் ஆர்சிஏ மட்டுமே இருக்கிறது. அதில் அடாப்டர் மாட்டுவதால் இணைப்பு முழு பேலன்ஸ்டு ஆகிவிடாது.

சப்வூஃபர் வெளியீடே இல்லாத ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பீக்கர் வயர்தான் வழி. சப்வூஃபரில் ஹை லெவல் உள்ளீடு (ஸ்பீக்கர் வயரையே நேராக ஏற்கும் இணைப்பு) இருந்தால் சாதாரண மெல்லிய வயரே போதும். அந்த உள்ளீடு இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத பேசிவ் சப்வூஃபர் கதை வேறு. அங்கே முழு மின்திறனும் வயர் வழியேதான் போகிறது. 22 கேஜ் வயரை (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியது) 10 மீட்டர் இழுத்தால் போக வர ஏறத்தாழ 1 ஓம். 4 ஓம் சப்வூஃபரில் ஐந்தில் ஒரு பங்கு மின்திறன் வயரிலேயே போய்விடும். 14 கேஜ் போட்டால் அந்த 1 ஓம் 0.17 ஆகக் குறைகிறது. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒய் கேபிள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரே வெளியீட்டிலிருந்து இரண்டு சப்வூஃபருக்குப் பிரிக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே சப்வூஃபரின் இடது, வலது இரண்டிலும் செருகினால் சத்தம் கொஞ்சம் கூடும். அதை வால்யூம் குமிழே செய்துவிடும்.

வயர்லெஸ் கிட் எனக்குக் கடைசித் தேர்வுதான். மின் இணைப்பு எப்படியும் தேவை, 2.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது என்றால் வைஃபையோடும் மோத வேண்டும். ஆனால் சுவரைத் துளைக்க முடியாத வாடகை வீட்டில், வாசலுக்கு அந்தப் பக்கம் சப்வூஃபர் வைத்தாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. வாங்கும் முன் அதன் தாமதம் எத்தனை மில்லிசெகண்ட் என்று பாருங்கள். 20 என்றால், சப்வூஃபரை 7 மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். ரிசீவரின் தூர அமைப்பில் அந்த 7 மீட்டரை உண்மையான தூரத்தோடு கூட்டிப் போட்டால், பாஸ் மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து வரும்.