மண்ணைப் புரட்டுவதா, மண்ணின் போக்கில் போவதா? கோல்ஃப் மைதான அமைப்பில் இரு வழிகள்

இயற்கையோடு ஒட்டிய கோல்ஃப் மைதானம் வேண்டும் என்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. நிலத்தைப் புரட்டி, வேண்டிய மேடுபள்ளங்களை உருவாக்குவது ஒன்று. இருக்கிற மேடுபள்ளங்களுக்குள்ளேயே 18 குழிகளுக்கும் தடம் தேடுவது மற்றொன்று. பலர் படங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மண்ணைப் பார்த்து முடிவெடுப்பதே சரி.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1998இல் திறக்கப்பட்ட விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் முதல் வகை. மிச்சிகன் ஏரிக்கரையில் தட்டையாகக் கிடந்த பழைய ராணுவப் பயிற்சித் தளத்தில், சுமார் 8 லட்சம் கன கஜம் மண்ணும் மணலும் கொண்டு மணல்மேடுகளை எழுப்பினார் மைதான வடிவமைப்பாளர் பீட் டை. நெப்ராஸ்கா மாநிலத்தின் சாண்ட் ஹில்ஸ் மைதானம் (1995) இதற்கு நேர்மாறு. அதை வடிவமைத்த பில் கூரும் பென் கிரென்ஷாவும் குழி அமைக்கத் தோதான நூற்றுக்கும் மேற்பட்ட தடங்களை அங்கே அடையாளம் கண்டு, அவற்றிலிருந்து 18ஐ எடுத்தார்கள். காற்று அரித்த மணற்பள்ளங்களே பங்க்கர்களாயின, அதாவது ஆட்டத்தில் தடையாக இருக்கும் மணற்குழிகளாயின.

இரண்டாவது வழிதான் மேலானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, நிலம் இடம் கொடுத்தால். சாண்ட் ஹில்ஸ் முழுக்க மணல். நீர் தானாக இறங்கிவிடும். களிமண்ணில் அப்படியே விட்டால் ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும், புல்லைக் குட்டையாக அறுத்த ஆட்டப்பாதையில்) நீர் தேங்கும், காற்றில்லாமல் வேர் அழுகும், வண்டித்தடம் இறுகிப் புல் செத்துப்போகும். திட்டம் போடுமுன் பல இடங்களில் 30 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டி, நீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓரிரு செ.மீ. கூட இறங்காவிட்டால் வடிகாலுக்காக மண்ணைத் தொட்டே ஆக வேண்டும்: ஃபேர்வேயில் 2 முதல் 3 சதவீதச் சரிவு, நீர் கூடும் பள்ளங்களில் துளைக்குழாய். மேல்மண்ணை 15 செ.மீ. தனியாகச் சுரண்டிக் குவித்துவைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். அடிமண்ணோடு கலந்துவிட்டால் புல் பிடிக்காது.

குழியைச் சுற்றியுள்ள மிகக் குட்டையான புல்தரையான கிரீன்களிலும் இதே கதைதான். நல்ல மணல் நிலத்தில் அங்குள்ள மணலையே குவித்து வடிவம் கொடுக்கலாம். மற்ற இடங்களில் வடிகுழாய், அதன்மேல் 10 செ.மீ. சரளை, அதன்மேல் 30 செ.மீ. மணல் கலவை என்ற அடுக்குமுறைக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். சரளையின் அளவு மணலுக்குப் பொருந்தாவிட்டால் மணல் உள்ளே இறங்கிக் குழாயை அடைக்கும். பரிசோதனைக்கூடத்தில் சோதிக்காத கலவையை வாங்காதீர்கள்.

பராமரிப்பிலும் இரண்டு வழிகள். மைதானம் முழுக்கப் பாசனப் புல் என்றால் பந்து தொலையாது, ஆட்டம் வேகமாக நகரும்; நீரும் உரமும் எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். ஓரங்களை நாட்டுப்புல்லுக்கு விடுவது அடுத்தது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தில் 2010-11இல் சுமார் 35 ஏக்கர் புல்தரையை அகற்றி, மணலும் கம்பிப்புல்லுமாக மாற்றினார்கள். தெளிப்பான்கள் 1,150இலிருந்து 450ஆகக் குறைந்தன. 2014இல் ஆடவர், மகளிர் அமெரிக்க ஓப்பன் இரண்டும் அங்கேயே அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன.

அறுப்பதை நிறுத்திவிட்டால் நாட்டுப்புல் வந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. பல ஆண்டுகள் உரம் தின்ற மண்ணில் புல் அடர்ந்து மண்டும், களை ஏறும், உள்ளே போன பந்து கிடைக்காது. ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, நிர்வாகம் பழையபடி அறுக்கத் தொடங்கிவிடும். மண்ணை மெலியவிடுவதுதான் வழி. தழைச்சத்தை நிறுத்துங்கள். எல்லையிலுள்ள முழுவட்டத் தெளிப்பான்களை அரைவட்டமாக மாற்றுங்கள். சிதறும் நீர்தான் களையை வளர்க்கிறது. பறவைகள் குஞ்சு பொரித்து, விதை உதிர்ந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை 10-15 செ.மீ. உயரத்தில் அறுத்து, வெட்டிய புல்லைக் கட்டாயம் அள்ளி வெளியேற்றுங்கள். ஆட்டத்துக்கேற்ற அளவுக்குப் புல் மெலிய இரண்டு மூன்று பருவங்கள் ஆகும்.

டீக்கும் (முதல் அடி அடிக்கும் இடம்) ஃபேர்வே தொடக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் ஆரம்பியுங்கள். அங்கே பந்து அதிகம் விழாது. பந்து வந்து விழும் தூரத்தில் ஃபேர்வேயை ஒட்டி இதைச் செய்யவே கூடாது. அங்கே இருபுறமும் சில மீட்டராவது அறுத்த ரஃப் (ஃபேர்வேயைவிட உயரமான ஓரப்புல்) இருக்கட்டும்.