பலகாரக் கூடத்துக்கு எது லாபம்: ஆலோசகரா, ஒழுங்கான வேலை நேரமா?

காரைக்குடிப் பக்கம் பலகாரக் கூடம் நடத்தும் முதலாளி, பணியாளர் மனநலத்துக்குப் பணம் ஒதுக்க நினைத்தால் இரண்டு வழிகள் உண்டு.

மாதம் ஒருமுறை ஆலோசகரை வரவழைக்கலாம். நல்லதுதான். ஆனால் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முறுக்குச் சுற்றும் அக்கா எழுந்து அந்த அறைக்குள் போவாரா? அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இலவசம். அதைச் சுவரில் எழுதிவைக்கச் செலவே இல்லை.

வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் ஒழுங்குபடுத்துவது இரண்டாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். தை, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாண ஆர்டர்கள் குவியும்போது, விடியலில் எண்ணெய்ச் சட்டி முன் நின்றவர் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. மனகோலத்துக்குப் பாகு பதம் தப்புவதும், அதிரசம் கருகுவதும், ஆள் சொல்லாமல் நின்றுவிடுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. கைப்பக்குவம் உள்ளவரை இழந்தால் விளம்பரம் கொடுத்து மீட்க முடியாது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்களை இழப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. நம் ஊர்க் கூடங்களும் அதில் அடக்கம்.

விற்பனைப் பகுதியில் நிற்பவர்களுக்கு இருக்கை தருவது சலுகையும் அல்ல. 2021 சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டுக் கடைகளில் அது கட்டாயம். முதலில் அதை வாங்கிப் போடுங்கள். ஆலோசகரை அடுத்த ஆண்டு அழைக்கலாம்.