டீன் ஏஜ் பிள்ளைங்க எடை குறைக்க பட்டினி, பவுடர், பேலியோ, ஜிம், வீட்டு அடுப்படி: எது ஒத்து வரும்?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஒம்போதாவது பத்தாவது படிக்கிற புள்ளைக்கு கொஞ்சம் சதை போட்டுருச்சுன்னா போதும், ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க. ராத்திரி சாப்பாட்ட நிறுத்துனு ஒருத்தர், காலைல ஷேக் குடினு ஒருத்தர், அரிசியே தொடாதனு ஒருத்தர், ஜிம்முல சேத்து விடுனு இன்னொருத்தர். இது போக வீட்டு சமையலயே கொஞ்சம் மாத்துறதுனு ஒண்ணு இருக்கு, அதத்தான் யாரும் பெருசா பேசுறதில்ல. இந்த அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம்னுதான் எழுதுறேன். என்னோட பதில முன்னாடியே சொல்லிடுறேன், வீட்டு அடுப்படிதான் எனக்கு முதல் இடம், ஜிம்முக்குப் பதிலா சைக்கிளும் விளையாட்டும் ரெண்டாவது, மத்த மூணும் பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு, டாக்டர் சொல்லாம, வேண்டவே வேண்டாம்.

ஏன்னா இங்க அளவுகோலே வேற. நமக்கு எடை மிஷின்ல எத்தன கிலோ இறங்குச்சுங்கிறதுதான் கணக்கு. வளர்ற புள்ளைக்கு அது மட்டும் பாத்தா ஆகாது, ஒசரம் ஏறுதா, பொம்பளப் புள்ளைக்கு மாசாமாசம் தீட்டு சரியா வருதா, கிளாஸ்ல முழிச்சு உக்காந்து படிக்க முடியுதா, வீட்டுல எல்லாரோடயும் சேந்து உக்காந்து சாப்பிடுதா, இந்த நாலும் கெடாம எடை சரியாகணும். பொண்ணுங்களுக்கு உச்ச எலும்பு பலத்துல 90 சதவீதம் கிட்டத்தட்ட 18 வயசுக்குள்ளயும் பையன்களுக்கு 20 வயசுக்குள்ளயும் சேந்துடும்னு சொல்றாங்க, அந்த நேரத்துல சாப்பாட்ட வெட்டுனா போனது போனதுதான்.

இன்னொரு விஷயம், போன்ல பிஎம்ஐ, அதாவது எடையையும் ஒசரத்தையும் வச்சு போடுற கணக்கு, போட்டு பாத்துட்டு பயப்படாதீங்க. அது பெரியவங்களுக்கான கணக்கு. பிள்ளைங்களுக்கு வயசும் ஆணா பொண்ணாங்கிறதும் சேத்து சார்ட்ல பாக்கணும், இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 5 வயசுலருந்து 18 வரைக்கும் 2015ல போட்ட சார்ட் குழந்தை டாக்டர்ங்ககிட்ட இருக்கும். நெறைய புள்ளைங்களுக்கு எடை குறையவே வேண்டியதில்ல, ஒரு வருஷம் எடை ஏறாம நின்னா போதும், ஒசரம் ஏற ஏற உடம்பு தானா சரியாயிடும். இத டாக்டர் சார்ட்ட காட்டி சொல்லும்போது பாதி வீட்டுல பதட்டம் அடங்கிடும்.

இப்ப பட்டினி. காசு செலவில்ல, யாருகிட்டயும் கேக்க வேண்டாம், அதனால புள்ளைங்க மொதல்ல கைவைக்கிறது இதுலதான். ஆறு மணிக்கு டியூஷன், அப்படியே ஸ்கூல், காலை சாப்பாடு போச்சு, கேட்டா இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்னு பேரு வேற வச்சிருக்காங்க. பதினோரு மணி இன்டர்வெல்ல தல கிறுகிறுக்க கேன்டீன்ல பப்ஸோ சமோசாவோ வாங்கி திங்குறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கண்ணுல பட்டதெல்லாம் உள்ள போறது, நாள் முடிவுல பாத்தா ஒண்ணும் மிச்சமில்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020ல சொன்ன கணக்குப்படி 13லருந்து 15 வயசு வரைக்கும் பொண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 2400 கலோரி, பையனுக்கு 2860 தேவை. ஆயிரம் கலோரி டயட்னு வீடியோ பாத்து இறங்குற புள்ள தன் தேவையில பாதி கூட எடுக்கல. அப்ப கரையறது கொழுப்பு மட்டுமில்ல, தசையும் கரையும். அதோட நம்ம நாட்டுல 15லருந்து 19 வயசு பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகைனு 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது, ஏற்கனவே ரத்தம் கொறஞ்ச புள்ளைய பட்டினி போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. முடி கொட்டும், தீட்டு தள்ளிப் போகும், எரிஞ்சு எரிஞ்சு விழும். எடை மறுபடி ஏறவும் செய்யும்.

பவுடர் ஷேக் பட்டினியோட அண்ணன்னுதான் சொல்வேன், காசு கட்டி பட்டினி கெடக்குறது. ஒரு வேள சாப்பாட்டுக்குப் பதிலா ஒரு டம்ளர். மாசம் ஆயிரக்கணக்குல செலவு, நிறுத்துன அடுத்த மாசமே எடை திரும்புது, ஏன்னா அந்த மாசம் முழுக்க புள்ள சாப்பிட கத்துக்கல, கலக்கி குடிக்கத்தான் கத்துக்கிச்சு. அதே காலை நேரத்துல மூணு நாலு இட்லி, காய் போட்ட சாம்பார் ரெண்டு கரண்டி, ஒரு அவிச்ச முட்டை வைங்க, இட்லி மாவுல இருக்குற உளுந்து, சாம்பார் பருப்பு, முட்டை மூணுலயும் புரதம் வருது, வயிறு பன்னெண்டு மணி வரைக்கும் தாங்குது. 13-15 வயசு பொண்ணுக்கு நாளைக்கு தேவை 43 கிராம் புரதம், இதுக்கு டப்பா தேவையே இல்ல. டப்பா வாங்கித்தான் ஆகணும்னா திருப்பி பின்பக்கம் பாருங்க, பதினெட்டு வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு இல்லனு சிலதுல பொடி எழுத்துல போட்டிருக்கும். வயித்த சுத்தம் பண்ற டீனு ஒண்ணு விக்கிறாங்களே, அதுல பெரும்பாலும் நிலாவாரை மாதிரி பேதிக்கான சரக்குதான், மிஷின்ல கொறையுறது தண்ணி, கொழுப்பு இல்ல, தொடர்ந்து குடிச்சா உடம்புல உப்பு சத்து கொறஞ்சு போயிடும். இத புள்ளைங்க கையில குடுக்கவே கூடாது.

பேலியோ, கீட்டோ, அதாவது அரிசி மாதிரி மாவுச்சத்த ஒதுக்கி கறி, முட்டை, கொழுப்புனு சாப்பிடுற முறை, அத பத்தி நியாயமா பேசணும். நம்ம ஊர்ல பெரியவங்க பல பேரு இதுல எடை கொறச்சிருக்காங்க, சக்கரை கொறஞ்சதுனும் சொல்றாங்க, அத நான் மறுக்கல. ஆனா கீட்டோ மாதிரி சாப்பாட்ட பிள்ளைங்களுக்கு டாக்டருங்க குடுக்குறது வலிப்பு நோய்க்கு, அதுவும் ரத்த டெஸ்ட் எடுத்துக்கிட்டு, விட்டமின் மாத்திரை சேத்து, கண்காணிப்புல. அதாவது அது ஒரு வைத்தியம். வாட்ஸ்அப்ல வந்த சார்ட்ட பாத்து பதினாலு வயசு புள்ளைக்கு ஆரம்பிக்கிற விஷயம் இல்ல. எனக்கு அதவிட பெரிய கவலை ஒண்ணு இருக்கு. ஒரு கல்யாணம், படைப்பு, கோயில் விசேஷம்னு போனா எல்லாரும் வரிசையா எலை போட்டு உக்காந்திருக்கும்போது இந்த புள்ள மட்டும் கையில பாதாம் டப்பாவோட ஓரமா நிக்கும். சாப்பாட்ட பாத்தா பயப்படுற பழக்கம் அங்கதான் தொடங்குது. பேலியோல இருந்து எடுத்துக்க வேண்டியத எடுத்துக்கலாம், மைதாவையும் வெள்ளை சக்கரையையும் கொறைக்கிறது, முட்டையும் காயும் கூட்டுறது. அந்த ரெண்டுக்கும் அரிசிய ஒதுக்க வேண்டியதில்ல.

ஜிம்ம நான் கெட்டதுனு சொல்ல மாட்டேன். வெயிட் தூக்குனா ஒசரம் நின்னுடும்னு நம்ம வீடுகள்ல ஒரு பயம் இருக்கு, அது உண்மை இல்ல, சொல்லிக் குடுக்க ஆள் இருந்து, சின்ன எடையில முறையா செஞ்சா பிள்ளைங்களுக்கும் நல்லதுதான். உலக சுகாதார நிறுவனமே 5லருந்து 17 வயசு வரைக்கும் தினம் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவு ஆடணும், வாரத்துல மூணு நாளாவது தசையும் எலும்பும் பலமாகுற மாதிரி ஏதாவது செய்யணும்னு சொல்லுது. பிரச்சினை, ஜிம்முக்கு போற இடத்துல மாஸ்டர் கையில குடுக்குற ஃபேட் பர்னர், ப்ரீ ஒர்க்அவுட் பவுடர், அதுல அள்ளிப் போட்ட காஃபின். அது வேண்டாம்னு தெளிவா சொல்லி அனுப்பணும். இன்னொண்ணு பணம், ஃபீஸ் கட்டி மூணு மாசத்துல நின்னு போறதுதான் அதிகம்.

சைக்கிள் அப்படி இல்ல. அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி புள்ளைங்களுக்கு பிளஸ் ஒன்ல அரசாங்கமே விலையில்லா சைக்கிள் குடுக்குது, அது எத்தன வீட்டு முகப்புல காத்து எறங்கி துணி காயப்போட கெடக்குது பாருங்க, புள்ள லைசென்ஸ் இல்லாம ஸ்கூட்டில டியூஷன் போகுது. அந்த சைக்கிளுக்கு காத்தடிச்சு செயினுக்கு எண்ணெய் போட்டு குடுத்தாலே போக வர அரை மணி நேரம் தினமும் உடம்பு அசையும், தனியா நேரம் ஒதுக்க வேண்டியதில்ல. 60 நிமிஷத்த ஒரே மூச்சுல செய்யணும்னும் இல்ல, பிரிச்சுக்கலாம். தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலருந்து பழனி வரைக்கும் காவடியோட நடக்குற மண்ணு இது, நடை நமக்கு புதுசா என்ன? பொண்ணுங்க விஷயத்துல மட்டும் மனசு கெடக்குது. வயசுக்கு வந்ததும் தெருவுல விளையாடுறத நிறுத்திடுறோம், சைக்கிள எடுக்காத, ஊரணி பக்கம் போகாத, அப்புறம் சதை போடுதுனு நாமளே சொல்றோம். ஷட்டில் பேட் ரெண்டு வாங்கி வளவுலயோ மொட்டை மாடியிலயோ அம்மாவும் பொண்ணும் ஆடுங்க, யாரு கேக்கப் போறா.

இப்ப வீட்டு அடுப்படி. இத சொன்னதும் செட்டிநாட்டு சாப்பாடுதானே பிரச்சினைனு சொல்வாங்க, கறியும் மசாலாவும்னு. எனக்கு அப்படி தோணல. கோழி பிரட்டல் வாரத்துல ஒரு நாள், அதுல ஒண்ணும் கெட்டுப் போகல. கெடுக்குறது நாலு மணி எடப்பலகாரமும் அதோட வர்ற இனிப்பு டீயும்தான். வெள்ளைப் பணியாரத்த எடுத்துக்கங்க, பச்சரிசியும் உளுந்தும் அரைச்ச மாவ கரண்டியால மொண்டு காயுற எண்ணெயில ஊத்தி, அது மேல எழும்பி வர்றப்ப எண்ணெய அள்ளி அள்ளி தலையில விட்டு உப்ப வைக்கிறோம், பக்கத்துல மிளகாத் துவையல், நாலு போனதே தெரியாது. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ள போனா 120 கலோரி கணக்கு. அதே அடுப்புல குழிப்பணியாரக் கல்ல போட்டு குழிக்கு நாலு சொட்டு விட்டு, வெங்காயம் கருவேப்பில தாளிச்சு சுட்டா ருசிக்கு ஒரு குறையும் இல்ல, எண்ணெய் பல மடங்கு கொறையும். வெள்ளைப் பணியாரம் விசேஷத்துக்கு இருக்கட்டும், நாள் கெழமைக்கு கட்டாயம் சுடுங்க, புள்ளைக்கும் குடுங்க. தினசரிக்கு குழிப்பணியாரம், தட்டப்பயறு சுண்டல், அவிச்ச கடலை, கொய்யா. அம்புட்டுதான்.

கவுனி அரிசி, அந்த கருப்பு அரிசி, எடை கொறைக்கும்னு இப்ப எல்லாரும் வாங்குறாங்க. நார்ச்சத்து உள்ள நல்ல அரிசிதான், ஆனா நம்ம வீட்டுல அத செய்யுற விதமே சக்கரை, தேங்காய்ப்பூ, நெய் போட்டு கிளறி. அது பலகாரம், டயட் இல்ல. கஞ்சியாவோ சோறாவோ அளவா சாப்பிட்டா சரி.

சோறு எவ்வளவுனு கேப்பீங்க. கப்பு வச்சு அளக்க வேண்டாம், தட்டுல பாதி இடம் காய், கால் இடம் சோறு, கால் இடம் பருப்போ முட்டையோ மீனோ, தனியா ஒரு கிண்ணம் தயிர். கத்திரிக்கா கோசமல்லி, வெண்டைக்கா மண்டி, கீரை மண்டினு நம்மகிட்ட காயில இல்லாத ருசியா? சோத்துக்கு தொட்டுக்கிறதா ஒரு கரண்டி வச்சத மூணு கரண்டியா வைங்க, தாளிக்கிற எண்ணெய மட்டும் கையடக்குங்க. கூல்ட்ரிங்க்ஸ் வீட்டுக்குள்ள வரவே வேண்டாம், கால் லிட்டர் பாட்டில்ல 25 கிராமுக்கு மேல சக்கரை, பதின்ம வயசு பொண்ணுக்கு ஒரு நாளைக்கு இதுக்குள்ள இருந்தா நல்லதுனு சொல்ற 30 கிராம் அந்த ஒரு பாட்டில்லயே கிட்டத்தட்ட முடிஞ்சுது. தாகத்துக்கு பானைத் தண்ணி, நீர்மோர்.

இதுல முக்கியமான விதி ஒண்ணு. அந்த ஒரு புள்ளைக்கு மட்டும் தனி சமையல் கூடாது. அண்ணனுக்கு பொரிச்ச அப்பளம், தங்கச்சிக்கு வெறும் வெள்ளரிக்காய்னு வச்சா அது தண்டனை, வைத்தியம் இல்ல. மாத்துனா அப்பத்தாலருந்து அப்பா வரைக்கும் வீடே மாறணும். அமெரிக்க குழந்தை மருத்துவர் அகாடமி 2016ல சொன்னதும் இதேதான், புள்ளைய டயட்ல போடாதீங்க, எடைய பத்தி பேசாதீங்க, கேலி பண்ணாதீங்க, குடும்பமா சேந்து சாப்பிடுங்கனு. டயட்டும் கேலியும்தான் பின்னால எடை கூடுறதுக்கும் சாப்பாட்டு நோய்க்கும் வழி விடுதுங்கிறது அவங்க கணக்கு. கல்யாண வீட்டுல யாராவது "என்னடி இப்படி குண்டாயிட்ட, எவன் கட்டுவான்"னு கேட்டா அம்மா சும்மா நிக்க கூடாது, "அவ நல்லாத்தான் இருக்கா அத்தை, வளர்ற புள்ள, வாங்க சாப்பிடப் போவோம்"னு அங்கயே பேச்ச வெட்டுங்க. புள்ள அத ஆயுசுக்கும் மறக்காது.

தூக்கம் இலவசம், அதனாலயே அத யாரும் மதிக்கிறதில்ல. 13லருந்து 18 வயசுக்கு 8லருந்து 10 மணி நேரம் தேவை, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாத்தா பசியும் கூடும், நொறுக்குத்தீனியும் கூடும். பத்து மணிக்கு எல்லார் போனும் பட்டாசாலையில சார்ஜுக்கு போகட்டும், அப்பா போன் உட்பட.

வேகத்துல இந்த வழி தோக்கும், மறைக்கல. பட்டினியும் கீட்டோவும் ரெண்டு வாரத்துல மூணு கிலோ காட்டும், அதுல நெறைய தண்ணி. வீட்டு வழில ஒரு மாசம் ஒண்ணுமே தெரியாம கூட போகலாம், டாக்டர் எடை கொறைக்கணும்னு சொன்ன புள்ளைக்கும் வாரத்துக்கு அரை கிலோங்கிறதே என் மனசுக்கு தாராளம். ஆனா ஆறு மாசம் கழிச்சு ஸ்கூல் யூனிஃபார்ம் இடுப்புல லூசாவும் கால்ல குட்டையாவும் ஆகும், அதுதான் வேணும்.

டாக்டர்கிட்ட எப்ப போகணும்னா, கழுத்து பின்னால கருப்பா தடிச்சிருந்தா, அழுக்குனு தேய்க்காதீங்க, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அது அடையாளமா இருக்கலாம். தீட்டு மூணு மாசம் வரலன்னா, மொகத்துல முடி கூடுனா பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி பிரச்சினை, இருக்கானு பாக்கணும். ஒசரம் நின்னு எடை மட்டும் ஏறுனா தைராய்டு பாக்கணும். சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வாந்தி எடுக்குற சத்தம் கேட்டாலோ, சாப்பாட்ட ஒளிச்சு வச்சாலோ, ஒரு நாளைக்கு பல தடவ எடை பாத்தாலோ, திட்டாம அன்னைக்கே பேசுங்க, அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. மனசு சம்பந்தமா பேச டெலி மானஸ் 14416, மத்த சந்தேகத்துக்கு 104, ரெண்டுக்கும் காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.