ஊசலா, மொபைலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு அசையும் கலைப்பொருள் ஒன்று வேண்டும். பூமி சுற்றுவதைக் காட்டும் ஃபூக்கோ ஊசலா (நீளக் கம்பியில் தொங்கி ஆடும் குண்டு), சிற்பி கால்டர் பாணி மொபைலா (கம்பியில் தொங்கிக் காற்றில் அசையும் தகடுகள்) என்று இழுபறி. மொபைல் என்றதும் ஒரு பாட்டி கைப்பையில் போனைத் தேடினார்.

செலவு:
மொபைல் – அலுமினியத் தகடு, கம்பி, நிறையப் பொறுமை.
ஊசல் – உயரமான கூரை, கனத்த குண்டு, பிசகாத பிடிமானம். 1851இல் பாரிஸில் இயற்பியலாளர் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார்.

பராமரிப்பு:
மொபைல் – கடல்காற்றே ஆட்டிவிடும். உப்பில் இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும்.
ஊசல் – ஓயாமல் ஆட மின்காந்தம் தேவை. கரண்ட் போனால் கொஞ்சநேரத்தில் ஓய்ந்துவிடும்.

காலத்தையும் இடத்தையும் காட்டுவது: இதில் ஊசலை மிஞ்ச முடியாது. மொபைல் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஊசலின் ஆட்டத்திசை திரும்புவதாகத் தெரிவது, நாம் பூமியோடு சுற்றுவதால். டர்பனில் இடஞ்சுழியாக, மணிக்குச் சுமார் 7.5 பாகை, முழுச்சுற்றுக்கு 48 மணி நேரம். முப்பாட்டன் கப்பலேறிய சென்னையிலோ வலஞ்சுழி, சுமார் 106 மணி நேரம்! ஊருக்கு ஊர் வேறாகத் தெரிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தாழ்ந்த கூரை, சின்ன முன்னறை என்றால் மொபைல். மண்டபத்துக்கு என் ஓட்டு ஊசலுக்கே. வகுப்பு தொடங்கும்போது தரையில் சாக்பீஸ் கோடு போட்டால், இரண்டு மணி நேரத்தில் குண்டு 15 பாகை விலகி ஆடும்.